பிரதிகளின் எண்ணிக்கையும் வெளிப்பாட்டின் அளவும்: ஒளிர்சாய நுண்ணணிகள் காட்டும் உறவு குறித்து ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

ஒரு கலத்திலே ஒரு பரம்பரையலகின் பிரதிகள் எண்ணிக்கையில் மிகுந்தால் அப்பரம்பரையலகின் செயற்பாடும் அதே அளவில் மிகுமா? புற்றுநோய் ஆய்வில் கடந்த நாற்பதாண்டுக் காலமாகப் பல்வேறு வடிவங்களில் எழுப்பப்பட்டு வந்துள்ள வினா இது. மேலோட்டமாக நோக்குமிடத்து இதற்கான விடை வெளிப்படையானது போலத் தோன்றும். அச்சுக்கூடத்தில் இயந்திரங்கள் இரட்டித்தால் அச்சாகும் தாள்களும் இரட்டிக்க வேண்டுமல்லவா என்று எவரும் கேட்கலாம். ஆயின் உயிர்க்கலம் அவ்வளவு எளிமையான அச்சுக்கூடமன்று. பிரதிகளின் எண்ணிக்கையையும் வெளிப்பாட்டின் அளவையும் தனித்தனியே அளந்து, பின்னர் பரம்பரையலகு பரம்பரையலகாக ஒப்புநோக்கியபோதுதான் இவ்வுறவின் உண்மைத் தன்மை புலப்படலாயிற்று. அவ்வொப்பீட்டைச் சாத்தியமாக்கிய கருவியே ஒளிர்சாய நுண்ணணி ஆகும்.

இக்கருவி இயங்கும் முறையையும், அதனைக் கொண்டு 2002ஆம் ஆண்டிலே வெளியான சில ஆய்வுகள் கூறியவற்றையும், அம்முடிவுகளை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மாணவருக்கு இதில் என்ன அக்கறை என்ற வினா எழலாம். இரண்டு காரணங்கள் கூறலாம். முதலாவது, ஒரு பொருளியல் அடித்தளம் அதன்மேல் எழுவனவற்றை எவ்வளவு தூரம் நிர்ணயிக்கின்றது என்பது நமது துறையின் மையப் பிரச்சினைகளுள் ஒன்று. அதே வடிவிலான ஒரு பிரச்சினையை எண்களைக் கொண்டு ஆராய்ந்தவர்களின் அனுபவம் நமக்குப் பயன்படாது போகாது. இரண்டாவது, இன்று ஒரு பெண்ணுக்கு எம்மருந்து கொடுக்கப்படும், எது மறுக்கப்படும் என்பதை இவ்வகை அளவீடுகளே தீர்மானிக்கின்றன. ஆகவே அவற்றைப் புரிந்துகொள்ளும் பொறுப்பை விஞ்ஞானிகளிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

2. அடிப்படை எண்ணக்கருக்கள்

மனிதக் கலமொன்றின் கருவினுள்ளே 23 சோடி நிறமூர்த்தங்கள் உள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய்வழியும் மற்றையது தந்தைவழியும் வந்தது. எனவே பால் நிறமூர்த்தங்களிலே உள்ளவை நீங்கலாக, ஏறத்தாழ ஒவ்வொரு பரம்பரையலகுக்கும் ஒரு கலத்தில் இரண்டு பிரதிகள் உண்டு. புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கிய பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000 ஆகும். டி.என்.ஏ. இழையிலே அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களின் வரிசையாக இக்குறிப்பு அமைந்துள்ளது. அடினின் தைமினுடனும், குவானின் சைற்றோசினுடனும் மட்டுமே சோடி சேரும். இவ்வொரு விதியின் மீதே பின்னர் கூறப்படும் கருவி முழுவதும் நிற்கின்றது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

பரம்பரையலகு தானாக எதனையும் செய்வதில்லை. அதன் குறிப்பு முதலில் தூது ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறாகப் படியெடுக்கப்படுகின்றது. அத்தூது பின்னர் புரதமாக மொழிபெயர்க்கப்படுகின்றது. ஒரு குறித்த வேளையில் எத்தனை படிகள் எடுக்கப்பட்டுள்ளன என்பதே அப்பரம்பரையலகின் வெளிப்பாட்டு அளவு எனப்படும். கல்லீரற் கலமும் நரம்புக் கலமும் ஒரே டி.என்.ஏ.யைத் தாங்கியிருந்தும் வேறுபடுவதற்குக் காரணம் அவை வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவிற் படியெடுப்பதேயாகும். பிரதி, படியெடுப்பு, மொழிபெயர்ப்பு, வெளிப்பாடு என இச்சொற்கள் யாவும் பனுவலியலில் இருந்து பெறப்பட்டவை போலவே ஒலிப்பது தற்செயலன்று, இத்துறையினர் டி.என்.ஏ.யை ஒரு நூலாகவே உருவகித்து வந்துள்ளனர். நம் பாடநூல்கள் படியெடுப்பையும் 'பிரதியெடுத்தல்' என்றே வழங்குவதாற் குழப்பம் நேரக்கூடும். எனவே இக்கட்டுரையில் டி.என்.ஏ.யின் எண்ணிக்கையைக் குறிக்கப் 'பிரதி' என்ற சொல்லும், தூது ஆர்.என்.ஏ.யைக் குறிக்கப் 'படி' என்ற சொல்லும் ஆளப்படுகின்றன.

புற்றுநோய்க் கலங்களில் 'இரண்டு பிரதிகள்' என்னும் ஒழுங்கு குலைந்து விடுகின்றது. நிறமூர்த்தமொன்றின் ஒரு பகுதி முற்றாக இழக்கப்படலாம். ஒரு கை முழுவதும் மூன்றாகவோ நான்காகவோ பெருகலாம். சிறியதொரு துண்டு பத்தாகவோ ஐம்பதாகவோ பன்மடங்காகலாம். 1987ஆம் ஆண்டில் டெனிஸ் சிலாமனும் அவருடன் பணியாற்றியோரும் 189 மார்பகப் புற்றுக் கட்டிகளை ஆராய்ந்து, அவற்றுள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதில் ஹேர்-2 என்னும் பரம்பரையலகு பெருகியிருந்ததையும், அவ்வாறு பெருகிய நோயாளருக்கு நோய் விரைவில் மீண்டதையும் எடுத்துக்காட்டினர். பிற்கால ஆய்வுகள் இவ்வீதத்தை 15 முதல் 20 வரை என மதிப்பிடுகின்றன. எனினும் பிரதி எண்ணிக்கை என்பது நோயாளியின் ஆயுளைத் தொடும் ஒரு விடயம் என்பது அவ்வாய்வினாலேயே ஐயமற நிறுவப்பட்டது.

3. நுண்ணணி இயங்கும் முறை

ஆங்கிலத்தில் மைக்ரோஅரே எனப்படுவதே ஈண்டு நுண்ணணி எனப்படுகின்றது. நுணுக்குக்காட்டியிற் பயன்படும் சாதாரணக் கண்ணாடித் தகடொன்றிலே, ஆயிரக்கணக்கான நுண்ணிய புள்ளிகளாக டி.என்.ஏ. பதிக்கப்படுகின்றது. ஒவ்வொரு புள்ளியும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கு அகலமுடையது. ஒவ்வொன்றும் தனித்த ஒரு பரம்பரையலகின் வரிசையைக் கொண்டது. எப்புள்ளியில் எது உள்ளது என்பது முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்கும். ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தினர் 1995இல் இம்முறையை வெளியிட்டபோது, அரபிடொப்சிஸ் என்னும் கடுகுக் குடும்பச் செடியின் 45 பரம்பரையலகுகளையே அளந்தனர். சில ஆண்டுகளுக்குள் அத்தொகை பல ஆயிரங்களாக வளர்ந்தது.

வெளிப்பாட்டை அளப்பதற்கு முதலில் கட்டியிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்படும். 1970இல் டெமினும் போல்ற்றிமோரும் தனித்தனியே கண்டறிந்த எதிர்ப்படியெடுப்பு நொதியத்தின் துணைகொண்டு அது நிரப்பு டி.என்.ஏ. ஆக மாற்றப்படும். அவ்வாறு மாற்றும்போதே அதனுடன் ஓர் ஒளிர்சாயம் பிணைக்கப்படும். ஆய்வுக்குரிய கட்டியின் மாதிரிக்கு சை-5 என்னும் சாயமும், ஒப்பீட்டுக்குரிய மாதிரிக்கு சை-3 என்னும் சாயமும் இடுவது பெருவழக்கு. இரு மாதிரிகளும் ஒன்றாகக் கலக்கப்பட்டுத் தகட்டின் மீது இடப்படும். ஒவ்வொரு மூலக்கூறும் தனக்கேற்ற வரிசையுள்ள புள்ளியைத் தேடிச் சோடி சேரும். ஒரே புள்ளிக்காக இரு மாதிரிகளும் போட்டியிடுவதால், எது மிகுதியோ அதன் சாயமே அங்கு மிகுதியாகத் தங்கும். எஞ்சியவை கழுவி நீக்கப்பட்ட பின்னர், பச்சை லேசர் ஒளியால் சை-3உம் சிவப்பு லேசர் ஒளியால் சை-5உம் தூண்டப்பட்டு, அவை உமிழும் ஒளியின் செறிவு புள்ளிதோறும் அளக்கப்படும்.

இத்துறை நூல்களிலே காணப்படும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான படங்கள் கண்ணாற் கண்ட நிறங்கள் அல்ல. ஒளிச்செறிவுகளைக் குறிக்கக் கணினி இடும் வழக்கு நிறங்களே அவை. சிவப்பெனிற் கட்டியில் மிகுதி, பச்சையெனிற் குறைவு, மஞ்சளெனில் இரண்டிலும் சமம் என்பது உடன்பாடு. உண்மையில் அளக்கப்படுவது ஒரு விகிதமேயாகும். அவ்விகிதத்தை இரண்டை அடியாகக் கொண்ட மடக்கையாக எழுதுவர். அவ்வாறு எழுதின் இருமடங்கு உயர்வு +1 எனவும், பாதியாகக் குறைதல் -1 எனவும் சம தூரத்தில் நிற்கும். வெறும் விகிதமாக விட்டால் உயர்வு 2 எனவும் தாழ்வு 0.5 எனவும் அமைந்து, உயர்வே பெரிதாகத் தோன்றும்.

4. ஒரே தகட்டில் இரு வினாக்கள்

பிரதி எண்ணிக்கையை ஒப்பிடும் முறை நுண்ணணிக்கும் முற்பட்டது. 1992இல் கலியோனியெமியும் அவர் குழுவினரும் வெளியிட்ட முறையிலே, கட்டியின் டி.என்.ஏ.யும் இயல்பான டி.என்.ஏ.யும் இரு வேறு சாயங்கள் இடப்பட்டு, விரிக்கப்பட்ட நிறமூர்த்தங்களின் மீதே சோடி சேர்க்கப்பட்டன. இம்முறை எந்த நிறமூர்த்தத்தின் எப்பகுதி மிகுந்தது அல்லது இழக்கப்பட்டது என்பதைக் காட்டியது. ஆயினும் ஏறத்தாழ ஒரு கோடி மூலச் சோடிகளுக்குக் குறைவான நீளத்தை அதனாற் பிரித்தறிய இயலவில்லை. அத்தகைய ஒரு நீளத்தினுள்ளே பல பத்துப் பரம்பரையலகுகள் அடங்கியிருக்கலாம். அவற்றுள் எது பெருகியது எனக் கூற வழியில்லை.

1999இல் ஸ்ரான்போட் குழுவினர், வெளிப்பாட்டை அளப்பதற்கென ஆக்கப்பட்ட அதே தகடுகளில் கட்டியின் டி.என்.ஏ.யையும் அளக்கலாம் எனக் காட்டினர். இம்முயற்சியின் சிறப்பு யாதெனில், ஒரே புள்ளி இரு வினாக்களுக்கும் விடை கூறுகின்றது என்பதேயாகும். ஒரு தகட்டிலே கட்டியின் டி.என்.ஏ. அளக்கப்பட்டு 'இப்பரம்பரையலகின் பிரதிகள் எத்தனை' என்பது அறியப்படும். அதே அமைப்புடைய மற்றொரு தகட்டிலே அக்கட்டியின் ஆர்.என்.ஏ. அளக்கப்பட்டு 'படிகள் எத்துணை' என்பது அறியப்படும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்கலாம். நூலகமொன்றில் ஒரு நூலின் எத்தனை பிரதிகள் தட்டில் உள்ளன என்னும் பதிவேட்டையும், அந்நூல் எத்தனை தடவை இரவல் பெறப்பட்டது என்னும் பதிவேட்டையும் ஒரே தலைப்பின் கீழ் ஒப்பிடுவதை இதற்கு ஒருவாறு உவமை கூறலாம்.

டி.என்.ஏ. அளவீடு ஆர்.என்.ஏ. அளவீட்டிலும் கடினமானது. படியெடுப்பு நூறு மடங்கு மாறலாம். ஆனால் பிரதி இரண்டிலிருந்து மூன்றாகும்போது விகிதம் ஒன்றரை மடங்கே. முந்நூறு கோடி மூலச் சோடிகள் கொண்ட டி.என்.ஏ. முழுவதினுள்ளும் ஒரேயொரு துண்டின் இச்சிறு மாற்றத்தைப் பிடிக்க வேண்டும். இது நம்பத்தக்கதா எனச் சோதிப்பதற்கு ஆய்வாளர் ஓர் இயற்கை அளவுகோலைக் கையாண்டனர். பிறவியிலேயே ஒன்று முதல் ஐந்து வரை எக்ஸ் நிறமூர்த்தங்களைக் கொண்டோரின் கலங்கள் ஆய்வுகூடங்களிற் பேணப்பட்டு வருகின்றன. அவற்றின் டி.என்.ஏ.யை அளந்தபோது, எக்ஸ் நிறமூர்த்தப் புள்ளிகளின் ஒளி விகிதம் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒழுங்காக உயர்ந்தது. எனினும் அவ்வுயர்வு உண்மை விகிதத்திலும் சற்றுக் குறைவாகவே பதிவாயிற்று. ஒத்த வரிசைகள் தவறான புள்ளியிற் சோடி சேர்வதும் பின்னணி ஒளியும் இத்தகைய குறைவுக்கு இடமளிக்கின்றன. கருவி உண்மையைச் சுருக்கிக் காட்டுகின்றது என்பதை முன்கூட்டியே அறிந்து வைத்திருத்தல் பின்வரும் எண்களை வாசிப்பதற்கு இன்றியமையாதது.

5. மூன்று ஆய்வுகள், மூன்று விடைகள்

2002ஆம் ஆண்டிலே இப்பொருள் பற்றி வெளிவந்த மூன்று ஆய்வுகளை எடுத்து நோக்குவோம்.

முதலாவது, பொலக்கும் அவருடன் ஸ்ரான்போட்டிலும் நோர்வேயிலும் பணியாற்றியோரும் வெளியிட்டது. 44 மார்பகப் புற்றுக் கட்டிகளிலும் 10 கல வழிகளிலும், நிறமூர்த்த இடம் அறியப்பட்ட 6,691 பரம்பரையலகுகளை அவர்கள் அளந்தனர். மிகையாகப் பெருகிய பரம்பரையலகுகளுள் நூற்றுக்கு 62 வெளிப்பாட்டிலும் உயர்ந்திருந்தன. சராசரியாகப் பிரதி இருமடங்கு மாறும்போது படி 1.5 மடங்கு மாறியது. கட்டிகளுக்கிடையே காணப்பட்ட வெளிப்பாட்டு வேறுபாடுகள் அனைத்திலும் குறைந்தது நூற்றுக்கு 12 பங்கு பிரதி வேறுபாட்டினால் நேரடியாக விளைந்தது.

இரண்டாவது, ஹைமனும் அவர் குழுவினரும் 14 மார்பகப் புற்றுக் கல வழிகளில் நிகழ்த்தியது. மிகையாகப் பெருகியவற்றுள் நூற்றுக்கு 44 மிகை வெளிப்பாட்டைக் காட்டின. மறுதலையாக, மிகையாக வெளிப்பட்டவற்றுள் நூற்றுக்கு 10.5 மட்டுமே பெருகியிருந்தன.

மூன்றாவது, பிளாற்சரும் பிறரும் பரவிய பெருங்குடற் புற்றில் நிகழ்த்தியது. பெருகிய நிறமூர்த்தக் கைகளில் அமைந்த 2,146 படிகளுள் 81 மட்டுமே, அதாவது நூற்றுக்கு 3.8 மட்டுமே, இருமடங்குக்கு மேல் உயர்ந்திருந்தன. பெருக்கங்கள் 'மௌனமாக' இருக்கின்றன என்பதே அவர்களின் முடிபு.

62, 44, 3.8 ஆகிய எண்களை அடுக்கி வைத்து நோக்குவோர் இவை ஒன்றையொன்று மறுப்பதாகக் கருதக்கூடும். ஆயின் ஒவ்வோர் எண்ணும் எவ்வினாவுக்கு விடை என்பதை ஆராய்ந்தால் முரண்பாட்டின் பெரும்பகுதி மறைந்துவிடுகின்றது.

பிளாற்சர் குழுவினர் நோக்கியவை பெரும்பாலும் நிறமூர்த்தக் கைகள் முழுவதையும் தழுவிய பெருக்கங்கள். ஒரு கை இரண்டிலிருந்து மூன்றாக உயரும்போது, வெளிப்பாடு பிரதிக்கு முற்றிலும் கட்டுப்பட்டு உயர்ந்தாலும் அது 1.5 மடங்கே ஆகும். எல்லையை இரண்டு மடங்கில் வகுத்தால், அவ்வுயர்வு கணக்கில் வராது. எனவே கேட்கப்பட்ட மௌனத்தின் ஒரு பகுதியேனும் செவியை எங்கே வைத்தோம் என்பதைச் சார்ந்தது. மறுபுறம், பொலக் குழுவினரின் 62 என்பது பன்மடங்காகிய சில பகுதிகளை மட்டுமே பற்றியது; அதனைக் கொண்டு சிறு பெருக்கங்களின் இயல்பை எடைபோடுதல் பொருந்தாது.

அதே ஆய்வின் 12 என்ற எண்ணும் 62 என்ற எண்ணும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. முன்னையது கட்டிகளுக்கிடையிலான வேறுபாடு அனைத்தையும் பங்கிடுகின்றது. பின்னையது பெருகிய சிலவற்றின் கதியை மட்டும் கேட்கின்றது. அன்றியும் அளவீட்டுப் பிழைகள் இரு எண்களுக்கிடையிலான தொடர்பை எப்போதும் மெலிவித்தே காட்டுவதால், 12 என்பது கீழெல்லை எனக் கொள்ளப்படுதல் பொருத்தமானது.

இவை அனைத்திலும் மிகுந்த கவனத்துக்குரியது ஹைமன் குழுவினரின் இரட்டை எண்ணாகும். 'பெருகியவற்றுள் எத்தனை மிகையாக வெளிப்பட்டன' என்பதும் 'மிகையாக வெளிப்பட்டவற்றுள் எத்தனை பெருகியவை' என்பதும் ஒரே வினாவல்ல. முதலாவதற்கு விடை 44, இரண்டாவதற்கு 10.5. காரணத்திலிருந்து விளைவை நோக்கிச் செல்லும்போது உறவு வலியதாகவும், விளைவிலிருந்து காரணத்தை நோக்கிப் பின்செல்லும்போது மெலிந்ததாகவும் தோன்றுகின்றது. ஒரே விளைவுக்குக் காரணங்கள் பல இருத்தலே இதற்கு விளக்கமாகும். இவ்விரண்டையும் குழப்புவோர் விஞ்ஞானத்தில் மட்டுமன்றி விமரிசனத்திலும் பலர் உளர்.

6. உறவு ஏன் நேர்கோடாக அமையவில்லை

பிரதி மிகுந்தும் வெளிப்பாடு மிகாமைக்கும், பிரதி மாறாமலே வெளிப்பாடு மாறுவதற்கும் காரணங்கள் பல அறியப்பட்டுள்ளன.

முதலாவது, ஒரு பரம்பரையலகு படியெடுக்கப்படுவதற்கு அதனைத் தூண்டும் புரதங்கள் கலத்திலே இருத்தல் வேண்டும். அவை இல்லாத கலத்தில் பத்துப் பிரதிகள் இருப்பினும் அவை வாசிக்கப்படாத ஏடுகளே. ஹேர்-2 பெருகும்போது அயலிலுள்ள பரம்பரையலகுகளும் அதே துண்டில் ஒட்டிக்கொண்டு பெருகுகின்றன. அவற்றுட் சில ஹேர்-2 உடன் சேர்ந்து வெளிப்படுகின்றன. சில அவ்வாறு வெளிப்படுவதில்லை. நோயை முன்செலுத்துவது எது, அதனுடன் வெறும் பயணியாக வந்தது எது எனப் பிரித்தறிவதற்கு இவ்வேறுபாடு பெரிதும் உதவியது. பிரதியிலும் வெளிப்பாட்டிலும் ஒருங்கே உயர்ந்தவையே முதலில் ஐயுறத்தக்கவை.

இரண்டாவது, டி.என்.ஏ.யின் மீது இடப்படும் இரசாயனக் குறிகளும், அது சுற்றப்பட்டிருக்கும் முறையும் ஒரு பிரதியை முற்றாக வாய்மூடச் செய்யக்கூடும். இதற்கு ஆரோக்கியமான உடலே சான்று. பெண்ணுக்கு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஆயினும் பெண்ணின் ஒவ்வொரு கலத்திலும் ஒன்று பெரும்பாலும் அடக்கி வைக்கப்படுகின்றது என்னும் கருதுகோளை 1961இல் மேரி லயன் முன்வைத்தார். அது பின்னர் உறுதியாயிற்று. இங்கே பிரதி இருமடங்காயினும் வெளிப்பாடு ஏறத்தாழச் சமமே.

மூன்றாவது, வெளிப்பாட்டை உயர்த்தும் வழிகளிற் பெருக்கம் ஒன்று மட்டுமே. ஓமோன்களின் தூண்டலாலும், மேலே நின்று கட்டுப்படுத்தும் வேறொரு பரம்பரையலகின் மாற்றத்தாலும், தூது ஆர்.என்.ஏ. சிதையும் வேகம் குறைவதாலும் படிகள் மிகலாம். ஹைமன் குழுவினரின் எஞ்சிய 89.5 பங்கு இத்தகைய வழிகளை நாடியே விளக்கப்படல் வேண்டும்.

நான்காவது, படியோடு கதை முடிவதில்லை. பல உறுப்புகள் கூடியமைந்த புரதத் தொகுதியொன்றில் ஓர் உறுப்பு மட்டும் மிகையாக ஆக்கப்பட்டால், இணையின்றி எஞ்சியது சிதைக்கப்படுகின்றது. ஆதலால் பிரதி மாற்றத்தின் விளைவு படியில் ஒருமுறையும் புரதத்தில் மற்றொருமுறையும் தணிக்கப்படுகின்றது.

பின்னர் 2012இல் ஏறத்தாழ 2,000 மார்பகக் கட்டிகளைக் கொண்டு பிரித்தானிய, கனேடிய ஆய்வாளர் நிகழ்த்திய பேராய்வு, இவ்விரு அளவீடுகளையும் இணைத்து நோயைப் பத்து உட்பிரிவுகளாக வகுத்தது. பிறவியில் வந்தவையும் கட்டியில் தோன்றியவையுமான மாற்றங்கள் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பரம்பரையலகுகளின் வெளிப்பாட்டுடன் தொடர்புற்றிருந்தன என்பது அதன் முடிபு. தொகை பெருகியபோது தொடர்பு தெளிவாயிற்று. ஆயினும் அது முழுமையான கட்டுப்பாடாக மாறிவிடவில்லை.

7. அளவீட்டின் எல்லைகள்

எண்கள் தாமாகப் பேசுவதில்லை. இக்கருவி எவ்விடங்களில் நம்மைத் தவறான வழியிற் செலுத்தக்கூடும் என்பதை அறிந்தே அவற்றை ஏற்றல் வேண்டும்.

கட்டி என்பது புற்றுக் கலங்கள் மட்டும் நிறைந்த ஒன்றன்று. இரத்தக் குழாய்களும், நிர்ப்பீடனக் கலங்களும், இணைப்பிழையக் கலங்களும் அதனுள் விரவியுள்ளன. ஒரு கட்டியில் பாதி இயல்பான கலங்கள் எனக் கொள்வோம். புற்றுக் கலத்தில் ஒரு பரம்பரையலகு பத்துப் பிரதிகளாகப் பெருகியிருப்பின் உண்மை விகிதம் ஐந்து. ஆனால் கலவையின் சராசரி ஆறு பிரதிகளே. கருவி காட்டும் விகிதம் மூன்று. ஒரு பிரதி இழக்கப்பட்ட இடத்தில் உண்மை விகிதம் 0.5, கருவி காட்டுவது 0.75. பெருக்கம் சுருங்கியேனும் தெரிகின்றது. இழப்போ மறைந்தே போகக்கூடும்.

சாயங்களும் நடுநிலையானவை அல்ல. இரு சாயங்களும் ஒரே திறனுடன் பிணைவதில்லை. சை-5 வளியிலுள்ள ஓசோனினால் எளிதிற் சிதைவதாக 2003இல் அறியப்பட்டது. அதன்பின் பல ஆய்வுகூடங்கள் ஓசோனைத் தவிர்க்கும் ஏற்பாடுகளைச் செய்யலாயின. சாயங்களை இடம் மாற்றி இரண்டாம் முறை அளப்பதும், கணித முறைகளால் இயல்பாக்குவதும் இதற்குரிய பரிகாரங்கள்.

இயல்பாக்கத்தின் அடியிலும் ஓர் எடுகோள் மறைந்துள்ளது. பெரும்பாலான பரம்பரையலகுகள் மாறுவதில்லை, ஏறியவையும் இறங்கியவையும் ஏறத்தாழச் சமம் என்பதே அது. மிக் என்னும் பரம்பரையலகு மிகையாக இயங்கும் கலங்களில் படியெடுப்பு முழுவதுமே ஒருங்கே உயர்வதாக 2012இல் எடுத்துக்காட்டப்பட்டது. எல்லாம் சேர்ந்து உயரும்போது விகிதங்களை மட்டுமே அளக்கும் முறை அவ்வுயர்வை அழித்துவிட்டு, குறைவாக உயர்ந்தவற்றைத் 'தாழ்ந்தவை' எனக் காட்டும். ஊதியத்தின் பங்கும் ஊதியத்தின் தொகையும் வேறு வேறென்பதை அறிந்த வாசகருக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை. கலங்களின் எண்ணிக்கைக்கேற்ப அறியப்பட்ட அளவு அந்நிய ஆர்.என்.ஏ.யை முன்கூட்டியே கலந்து அளப்பதே இதற்குத் தீர்வாகப் பரிந்துரைக்கப்பட்டது.

இன்று வெளிப்பாட்டை அளப்பதில் நுண்ணணியின் இடத்தைப் பெரும்பாலும் ஆர்.என்.ஏ. வரிசை வாசிப்பு கைப்பற்றிவிட்டது. பிரதி எண்ணிக்கையை அளக்கும் நுண்ணணிகள் பிறவிக் கோளாறுகளைக் கண்டறியும் மருத்துவத் துறையில் இன்றும் பயன்படுகின்றன. எவ்வாறாயினும், கலப்புக் கலங்கள், மறைந்த எடுகோள்கள், எல்லை வகுத்தல் ஆகிய பிரச்சினைகள் புதிய கருவியோடும் கூடவே வருகின்றன.

8. கருவியின் உடைமையும் மருந்தின் விலையும்

இத்தொழினுட்பம் இரண்டு பாதைகளில் வளர்ந்தது. கலிபோர்ணியாவின் அஃபிமெற்றிக்ஸ் நிறுவனம், கணினிச் சில்லுகளை ஆக்கும் ஒளிப்பொறிப்பு முறையைத் தழுவி, டி.என்.ஏ.யைத் தகட்டின் மேலேயே கட்டியெழுப்பும் முறையைக் காப்புரிமையுடன் வணிகமாக்கியது. மறுபுறம், ஸ்ரான்போட்டில் பற்றிக் பிறவுணின் ஆய்வுகூடம் புள்ளியிடும் இயந்திரத்தைத் தாமே கட்டிக்கொள்வதற்கான செய்முறையை எவரும் பெறத்தக்கதாக வெளியிட்டது. அதே பிறவுண் பின்னர் ஆய்விதழ்களை யாவரும் இலவசமாக வாசிக்க வேண்டுமெனக் கோரிய இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரானார். அறிவின் உற்பத்திச் சாதனம் எவருடைய கையில் இருத்தல் வேண்டும் என்ற வினா இங்கே வெளியிலிருந்து புகுத்தப்பட்டதன்று. அத்துறையினரே அதனை எதிர்கொண்டு இருவேறு விடைகள் கண்டனர்.

நோயாளியின் நிலையில் நின்று நோக்குமிடத்து இவ்வினா மேலும் கூர்மையடைகின்றது. ஹேர்-2 புரதத்தைத் தடுக்கும் திரஸ்ருசுமப் என்னும் மருந்து 1998இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்க மருத்துவமனைகள் இரண்டு சோதனைகளைக் கையாளுகின்றன. ஒன்று புரதத்தின் அளவைச் சாயமிட்டுக் காண்பது. மற்றையது பரம்பரையலகின் பிரதிகளை ஒளிர்புள்ளிகளாக எண்ணுவது. வெளிப்பாடும் பிரதியும் என்னும் அதே சோடி இங்கு சிகிச்சையறையின் வாயிலில் நிற்கின்றது. தவறாக 'உண்டு' எனக் கூறின் பயனற்ற மருந்தும் இதயப் பாதிப்புக்கான ஆபத்தும். தவறாக 'இல்லை' எனக் கூறின் உயிர் காக்கும் வாய்ப்பின் மறுப்பு.

உலக சுகாதார நிறுவனம் 2015இல் இம்மருந்தை இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இந்தியாவில் 2014 அளவிலேயே இதற்கு ஒத்த மருந்தொன்று சந்தைக்கு வந்திருந்தது. 2019இல் அத்தகைய ஒத்த மருந்தொன்றை அந்நிறுவனம் முதன்முறையாகத் தகுதியுடையதென ஏற்றது. அனுமதிக்கும் பட்டியலுக்குமிடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள். அக்காலத்திலே எவரெவர் அம்மருந்தைப் பெற்றனர் என்பதைப் பிரதி எண்ணிக்கை மட்டும் தீர்மானிக்கவில்லை.

மற்றொரு செய்தியும் உண்டு. 2022இல், ஹேர்-2 பெருகாமலே சிறிதளவு மட்டும் வெளிப்படும் நோயாளருக்கும் திரஸ்ருசுமப்புடன் நச்சுமருந்தொன்றை இணைத்த புதிய மருந்து பயன்தருவது நிறுவப்பட்டு அனுமதிக்கப்பட்டது. முன்னர் 'இல்லை' என்ற பிரிவில் ஒருங்கே அடக்கப்பட்டோரிற் பலர் இதனால் வேறு பிரிவினராயினர். வகைப்பாடு நோயின் இயல்பை மட்டுமன்றி, கையிலுள்ள மருந்தையும் பொறுத்தே அமைகின்றது என்பதற்கு இது தக்க சான்று.

9. முடிவுரை

அடித்தளம் ஒன்றினாலேயே யாவும் தாமாக விளைகின்றன என்ற வாய்பாட்டுவாதம் முற்போக்கு விமரிசனத்திலும் ஒரு காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. பொருளியற் காரணி ஒன்று மட்டுமே நிர்ணயிப்பது என்று கொள்வது தம் கருத்தைத் திரிப்பதாகும் என 1890இலேயே எங்கெல்ஸ் ஒரு கடிதத்தில் விளக்க வேண்டியிருந்தது. 1973இல் றேமன்ட் வில்லியம்ஸ், நிர்ணயம் என்பதை எல்லைகளை வகுத்தலும் அழுத்தங்களைச் செலுத்துதலும் எனப் புரிந்துகொள்ள வேண்டும் என வாதிட்டார். நூற்றுக்கு 12, 1.5 மடங்கு என்னும் எண்கள் இத்தகைய ஓர் உறவையே நினைவூட்டுகின்றன. எனினும் ஒப்புமையை இதற்கு மேல் நீட்டுதல் தகாது. கலம் சமுதாயமன்று, பரம்பரையலகு வர்க்கமன்று. தத்துவத்தின் பெயரால் உயிரியலுக்குக் கட்டளையிட முயன்றதன் விளைவை 1948இல் லைசென்கோவின் வெற்றியும், அதற்கு முன்பே 1943இல் சிறையில் மாண்ட வாவிலோவின் முடிவும் நமக்குக் கற்பித்துள்ளன. உயிரியலிலிருந்து சமுதாய விதிகளைப் பெற முயல்வதும் அதே தவற்றின் மறுபக்கமேயாகும்.

நாம் பெறத்தக்கது ஓர் ஆய்வு ஒழுங்காகும். ஓர் உறவு உண்டா இல்லையா என்று மட்டும் கேளாது, எவ்வளவு, எவ்வெல்லைக்குள், எத்திசையில் நோக்கும்போது, எக்கருவியால் அளந்தபோது எனக் கேட்டல் வேண்டும். காரணத்தையும் விளைவையும் தனித்தனியே அளந்து, அதன் பின்னரே இணைத்தல் வேண்டும். விளக்கப்படாது எஞ்சும் பெரும்பகுதியை மறைக்காது பதிவு செய்தல் வேண்டும். ஒரு காலகட்டத்தின் பொருளியல் நிலைமையிலிருந்து ஒரு நாவலுக்கு நேர்கோடு இழுக்குமுன்னர் இவ்வினாக்களை நம் துறையிலும் எழுப்பிப் பார்த்தல் பயனுடைத்து. ஆயினும் இலக்கியத்தில் ஒரு தவறான கணிப்பு ஒரு கட்டுரையைத்தான் பழுதாக்கும். மருத்துவமனையில் அதே தவறு ஒரு பெண்ணின் சிகிச்சையை மாற்றிவிடும். சோதனை முடிவு ஒன்று 'உண்டு' அல்லது 'இல்லை' எனக் கூறும்போது, எது அளக்கப்பட்டது, எல்லையை எவர் எங்கே வகுத்தனர், அம்மருந்து எவருக்கு எட்டும் விலையில் உள்ளது என்னும் மூன்றையும் கேட்கும் உரிமை அம்முடிவுக்கு உட்படுவோருக்கு உண்டு. அவ்வினாக்களைத் தமிழிற் கேட்பதற்கு வேண்டிய சொற்களை ஆக்கிக் கொடுப்பது நம் போன்றோரின் கடமையாகும்.